ஈஸ்ட்டுகளில் அமீன் சிதைவு: நைட்ரஜன் ஈட்டலும் நச்சு விளைபொருள்களும்

நுண்ணுயிரியல் பாடநூல்களில் ஈஸ்ட் என்றாலே பெரும்பாலும் ரொட்டி ஈஸ்ட்டாகிய சாக்கரோமைசிஸ் செரிவிசியே மட்டுமே கருதப்படுகிறது. நைட்ரஜன் வளர்சிதைமாற்றத்தைப் பொறுத்தவரை இவ்வழக்கம் தவறான பொதுமைப்படுத்தலுக்கு இடமளிக்கிறது. மெத்திலமீனை மட்டுமே நைட்ரஜன் மூலமாகக் கொண்ட ஊடகத்தில் ரொட்டி ஈஸ்ட் வளர்வதில்லை; ஹான்செனுலா பாலிமார்ஃபா (இன்றைய பெயர் ஒகாட்டியா பாலிமார்ஃபா), கேண்டிடா பாய்டினி முதலிய இனங்கள் நன்கு வளர்கின்றன. எத்திலமீன், கடாவெரின் ஆகியவற்றைப் பயன்படுத்தும் திறன் ஈஸ்ட் இனங்காணும் சோதனைகளில் இடம்பெறுவதும் இனங்களுக்கிடையே நிலவும் இத்தகைய வேறுபாட்டினாலேயே ஆகும்.

மெத்திலமீனைச் சிதைக்கும் நொதி, செம்பைக் கொண்ட அமீன் ஆக்சிடேஸ் ஆகும். ஒரு மூலக்கூறு மெத்திலமீன் ஆக்சிஜனுடனும் நீருடனும் வினைபுரியும்போது அம்மோனியா, ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியன ஒவ்வொரு மூலக்கூறு உருவாகின்றன. இவற்றுள் செல் நாடுவது அம்மோனியாவை மட்டுமே. அது குளூட்டமேட்டாகவும் குளூட்டமினாகவும் தன்மயமாகிறது. ஏனைய இரண்டும் நச்சுகள். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980இல் வெளியிட்ட முடிவுகள், குளுக்கோஸும் மெத்திலமீனும் உள்ள ஊடகத்தில் வளரும் செல்களில் அமீன் ஆக்சிடேஸ் அடங்கிய பெராக்சிசோம்கள் தோன்றுவதைப் புலப்படுத்தின. பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸும் அதே நுண்ணுறுப்பில் உள்ளது. ஃபார்மால்டிஹைடோ வெளியேறி, குளூட்டத்தயோனுடன் இணைந்து ஃபார்மேட்டாகவும் பின்னர் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது.

இங்குக் கட்டுப்பாட்டு முறை கருதத்தக்கது. மெத்தனாலைச் சிதைக்கும் ஆல்கஹால் ஆக்சிடேஸின் உற்பத்தியைக் குளுக்கோஸ் ஒடுக்குகிறது. அமீன் ஆக்சிடேஸைக் குளுக்கோஸ் அவ்வாறு ஒடுக்குவதில்லை; அம்மோனியம் அயனியே ஒடுக்குகிறது. ஆக, ஒரே நுண்ணுறுப்பு கார்பன் தேவைக்கு ஒரு விதியாகவும் நைட்ரஜன் தேவைக்கு வேறொரு விதியாகவும் நிரப்பப்படுகிறது. பெராக்சிசோம் அற்ற விகாரிகள் மெத்தனாலில் வளர இயலாதவை; எனினும் மெத்திலமீனிலிருந்து நைட்ரஜன் பெறும் திறனை அவை இழப்பதில்லை. ஆகவே அமீன் சிதைவுக்குப் பெராக்சிசோம் இன்றியமையாதது என்னும் கூற்று மிகையானதே. கார்பனை நோக்க நைட்ரஜனின் தேவை சிறிது. உருவாகும் பெராக்சைடும் அதற்கேற்பக் குறைவு என இதற்கு விளக்கம் கூறலாம்.

நொதியின் வேதியியலும் ஈஸ்ட் ஆய்வால் தெளிவுபெற்றது. அமீனுடன் நேரடியாகப் பிணைவது டோபாகுயினோன் என்னும் துணைக்காரணி. மாட்டுச் சீரத்தின் அமீன் ஆக்சிடேஸில் இதனை 1990இல் ஜூடித் கிளின்மன் குழுவினர் கண்டறிந்தனர். 1992இல் ஹான்செனுலாவின் மரபணு வரிசையுடன் ஒப்பிட்டபோது, அவ்விடத்திற்குரிய குறியம் டைரோசினுக்கு உரியதெனத் தெரிந்தது. துணைக்காரணி வெளியிலிருந்து வந்து சேர்வதன்று. புரதத்தின் சொந்த டைரோசினே மாற்றமுற்று அதுவாகிறது. இம்மாற்றத்திற்குத் தனி நொதி வேண்டுமா? இவ்வினத்தின் மரபணுவை ரொட்டி ஈஸ்ட்டில் வெளிப்படுத்தி 1994இல் விடை தேடப்பட்டது. இத்தகைய ஆக்சிடேஸே இல்லாத அச்செல்லிலும் செயல்திறன் மிக்க நொதி கிடைத்தது. செம்பும் ஆக்சிஜனும் இருப்பின் புரதம் தன்னைத்தானே மாற்றிக்கொள்கிறது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. ரொட்டி ஈஸ்ட்டின் குறையே இங்கு ஆய்வுக்கு உதவியது.

டைமெத்திலமீன், டிரைமெத்திலமீன் ஆகியவற்றின் மெத்தில் தொகுதிகளை முதலில் மோனோஆக்சிஜனேஸ்கள் ஒவ்வொன்றாக நீக்குகின்றன. எஞ்சும் மெத்திலமீன் மேற்கூறிய வழியிற் செல்கிறது. எனவே டிரைமெத்திலமீனிலிருந்து ஓர் அம்மோனியாவைப் பெறும் செல் மூன்று ஃபார்மால்டிஹைடு மூலக்கூறுகளை எதிர்கொள்கிறது. ஃபார்மால்டிஹைடு டிஹைட்ரஜனேஸின் இன்றியமையாமை இதனால் விளங்கும். பிக்கியா பாஸ்டோரிஸில் இந்நொதியின் மரபணு ஊக்கியை, கார்பன் மூலமாக மெத்தனாலும் நைட்ரஜன் மூலமாக மெத்திலமீனும் தனித்தனியே தூண்டுவதை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் மெத்தனால் இன்றியே, குளுக்கோஸ் ஊடகத்தில் மெத்திலமீனைக் கொண்டு வேற்றுப் புரதங்களை உற்பத்தி செய்யும் வழி பிறந்தது.