நாற்றங்காலிலிருந்து வயலுக்கு

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், திருத்தணிக்கு முன்னே அமைந்த ஊர் கனகம்மாசத்திரம். பக்கத்தில் திருவாலங்காட்டிலே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. திருத்தணிக்கு அப்பால் அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை முதலிய நெசவாளர் ஊர்கள் இருக்கின்றன. இவ்வட்டாரத்தில் ஒரு சங்கம் தன் சேலைகளை விற்க இணையதளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். அமைப்பாளரின் கணினியில் தளம் நன்றாக இயங்குகிறது. நிர்வாகக் குழுவினர் பார்த்து மகிழ்கின்றனர். இனி அதனைப் பொதுமக்கள் வந்து பார்க்கக்கூடிய சேவையகத்திற்கு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. நகல் எடுத்து வைத்தால் ஆயிற்று என்று சிலர் எண்ணக்கூடும். நாற்றைப் பறித்து வயலில் நடுவது எத்தகைய வேலை என்பதை அறிந்த நம் விவசாய அங்கத்தினர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

வேர்டுபிரஸ் முதலிய மென்பொருள்களால் அமைந்த தளத்தில், நாம் காணும் பக்கம் ஓரிடத்தில் முழுமையாக இருப்பதில்லை. நிரலும் சேலைப் படங்களும் கோப்புகளாக இருக்கின்றன. விலை, விவரம், வாங்குவோர் கணக்கு ஆகியவை தரவுத்தளத்தில் இருக்கின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் கடவுச்சொல் வேறொரு சிறு கோப்பில் உள்ளது. அதனைப் புதிய இடத்துக்கேற்பத் திருத்தி எழுதவேண்டும். மேலும், பழைய கணினியின் முகவரி தரவுத்தளத்தில் பல இடங்களில் பதிந்திருக்கும். அதனைக் கண்மூடித்தனமாக மாற்றுவது ஆபத்து. சில பதிவுகளில் முகவரியுடன் அதன் நீளமும் எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். முகவரி மாறி எண் மாறாவிடில் மென்பொருள் அப்பதிவைப் படிக்க மறுத்துவிடும். இரண்டையும் சேர்த்துத் திருத்தும் கருவிகள் உண்டு, அவற்றையே கையாளவேண்டும்.

தமிழர்க்கு நேரும் தொல்லை ஒன்றுண்டு. மைசீக்வல் என்னும் தரவுத்தள மென்பொருளில், 2018இல் வெளிவந்த 8.0 பதிப்புக்கு முன்பு, வேறு ஏற்பாடு செய்யாவிடில் லத்தீன் எழுத்துத் தொகுப்பே அமையும். அத்தகைய அமைப்பினுள் தமிழைக் கொண்டுபோய் இறக்கினால், "பருத்திச் சேலை" என்றிருந்த இடத்தில் கேள்விக்குறிகளின் வரிசை நிற்கக்கூடும். விநோதமான அந்நிய எழுத்துக்கள் தோன்றினால் அவ்வளவாக அஞ்சவேண்டாம். பெரும்பாலும் உள்ளே தமிழ் இருக்கிறது, படிக்கும் முறைதான் தவறியது. கேள்விக்குறியே தரவுத்தளத்தில் பதிந்துவிட்டதாயின் எழுத்து அழிந்தது. மூலத்திலிருந்து மறுபடி கொண்டுவருவதே வழி. ஆகவே ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்துத் திருப்தியடையாமல், தமிழ்ப் பக்கத்தை ஒருவர் வாசித்துப் பார்க்கட்டும்.

பணம் வாங்கும் ஏற்பாட்டிற்குச் சோதனைச் சாவி, மெய்ச் சாவி என இரண்டு உண்டு. சோதனைச் சாவியை மாற்ற மறந்தால், பணம் வந்துவிட்டதாகத் திரை கூறக்கூடும். வங்கிக்கு ஒரு ரூபாயும் வராது. சேலை மட்டும் தபாலில் போய்விடும்.

இவை முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுபவை. நமக்குப் பெரிதாகப் படுவது பின்னால் வருவது. தீபாவளிக்கு முகப்பைப் புதுப்பிக்கும் அமைப்பாளர், தம் கணினியில் வேலையை முடித்து முன்போலவே யாவற்றையும் மேலேற்றினால், இடைப்பட்ட மாதங்களின் ஆர்டர்கள் அனைத்தும் பழைய தரவுத்தளத்தால் மூடப்பட்டு மறையும். நிரல் மேலே போகலாம். கணக்கு விற்பனைத் தளத்திலிருந்துதான் கீழே வரவேண்டும்.

2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி, நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் துணைச் சேவையகம் என்றெண்ணி முதன்மைச் சேவையகத்தின் தரவுகளையே அழித்துவிட்டார். காப்பு நகலுக்கு ஐந்து ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் சரிவரக் கைகொடுக்கவில்லை. சோதனைத் தளத்துக்கென ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல் ஒன்றே காப்பாற்றியது. இடைப்பட்ட பதிவுகள் திரும்பவில்லை. நடந்ததை அந்நிறுவனம் ஒளிக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது.

ஆதலால் காரியதரிசி, "நகல் எடுத்தீரா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "அதிலிருந்து மீட்டுப் பார்த்தீரா?" என்றும் கேட்கவேண்டும். பழைய தளம் முன்பே இருக்குமாயின், பெயர்ப்பதிவில் முகவரியை மாற்றிய பின்னும் சிலர் சில மணி நேரம் பழைய இடத்துக்கே வருவர். அதற்கான கால அளவு ஒரு நாள் என்றிருந்தால், இரண்டு நாள் முன்னதாகவே அதனை ஐந்து நிமிஷமாகக் குறைத்துவிடலாம். மாற்றும் வேளையில் பழைய தளத்தில் ஆர்டர் வாங்குவதை நிறுத்திவைத்து, அதுவரை வந்தவற்றைப் பேரேட்டில் குறித்துக்கொள்வது நலம்.