மேலே பறக்கும் சாலை, கீழே ஒரு ஊர்

இருபது ஆண்டுகளில் இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது ஓசூர் சாலை. பொம்மனஹள்ளிக்கு அது கொடுத்ததும் எடுத்துக்கொண்டதும்.

காலை எட்டரை மணி. பொம்மனஹள்ளியில் ஓசூர் சாலையைக் கடப்பதற்காகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். தோளில் கைப்பை, கையில் டிபன் பாக்ஸ் வைத்த துணிப்பை. கார்மென்ட்ஸ் ஆலைகளில் வேலை தொடங்கும் நேரம். ஐந்து நிமிடம் பிந்தினாலும் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்க வேண்டும். போக்குவரத்துக் காவலர் கை காட்டும் வரை பொறுத்திருப்பவர்கள் சிலர்தான். மற்றவர்கள் பத்துப் பேராகச் சேர்ந்து, ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு சாலையில் இறங்கிவிடுகிறார்கள். வேறு வழியில்லாமல் லாரி நிற்கிறது. அவர்கள் தலைக்கு மேலே, மேம்பாலத்தில், எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் கார்கள் விரைகின்றன. பாலத்துக்குப் பக்கத்தில், ஓட்டுநர் இல்லாமலும் ஓடக்கூடிய மெட்ரோ ரயில்.

ஒரே சாலை, மூன்று தளங்கள். சுங்கம் கட்டுபவருக்கு ஒன்று, டிக்கெட் வாங்குபவருக்கு ஒன்று. மிச்சமிருப்பது பொம்மனஹள்ளிக்கு.

தமிழர்களுக்கு இது ஊருக்குப் போகும் வழி. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் ஓசூர், பிறகு கிருஷ்ணகிரி, சேலம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரவுகளில் சில்க் போர்டிலிருந்தே சாலையோரத்தில் மூட்டை முடிச்சுகளோடு குடும்பங்கள் பஸ்ஸுக்குக் காத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். காசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த பழைய 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இதுதான். எண்கள் மாற்றப்பட்ட பிறகு 44. இங்கிருந்து பிரியும் பேகூர் சாலையில் போனால் இன்னும் பழைய வரலாறு கிடைக்கும். பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று 'பெங்களூரு' போரைக் குறிப்பிடுகிறது. நகரத்தின் பெயருக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று இருப்பது, நகரத்தில் பிற்பாடு சேர்க்கப்பட்ட ஒரு கிராமத்தில்!

முதல் புதுப்பிப்புக்குக் காரணம் பொம்மனஹள்ளி அல்ல. 2000க்குப் பிறகு எலெக்ட்ரானிக் சிட்டியின் கம்ப்யூட்டர் நிறுவனங்கள் பெருத்தன. அங்கே போகப் பிரதான வழி இது ஒன்றே. 2005 அக்டோபர் மழையில் தெற்குப் பெங்களூர் தத்தளித்தபோது நிறுவனங்கள் வெளிப்படையாகவே அரசோடு மல்லுக்கட்டின. உள்கட்டமைப்பு பற்றி எழுந்த அந்தச் சச்சரவில்தான், முன்னாள் பிரதமர் தேவ கௌடாவின் விமர்சனத்தைத் தொடர்ந்து, இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி பெங்களூர் சர்வதேச விமான நிலைய நிறுவனத்தின் தலைவர் பதவியை விட்டு விலகினார். மறு ஆண்டு மேம்பாலப் பணி தொடங்கியது. சில்க் போர்டு சந்திப்பிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர், நான்கு வழி, தனியார் முதலீடு, சுங்கக் கட்டணம். 2010 ஜனவரியில் திறக்கப்பட்டபோது நாட்டின் நீளமான மேம்பாலச் சாலைகளில் ஒன்று என்று கொண்டாடப்பட்டது.

கொண்டாடக் காரணம் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்தவர்கள் கால் மணி நேரத்தில் அலுவலகம் சேர்ந்தார்கள். கீழே இருந்தவர்களின் கதை வேறு. சாலையின் நடுவில் வரிசையாகத் தூண்கள் முளைத்தன. எதிர்ப்பக்கக் கடையின் பெயர்ப் பலகை மறைந்தது. பள்ளி, கோயில், மருந்துக்கடை என்று இரு பக்கமும் பரவியிருந்த ஊர் இரண்டாகப் பிளந்தது. பாலத்தில் பெய்யும் மழை, தூணோரக் குழாய்கள் வழியாகக் கீழ்ச்சாலையில்தான் கொட்டும். கீழ்ச்சாலைக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் அதன் மட்டம் ஒரு சுற்று உயரும். பழைய வீடுகளின் வாசற்படி அதே அளவு தாழும். ராஜகால்வாய்கள் குறுகிப்போன நகரத்தில் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? 2025 மே மாதம் ஒரே இரவு மழைக்குப் பக்கத்துச் சில்க் போர்டு சந்திப்பு மீண்டும் குளமாயிற்று.

இந்தச் சாலை யாருடையது என்று பொம்மனஹள்ளி ஒரே ஒருமுறைதான் உரக்கச் சொல்லியிருக்கிறது. அது 2016 ஏப்ரல் 18. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதியை மாற்றியிருந்தது. தையல் மெஷினில் 58 வயது வரை யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? மகள் கல்யாணம், மகன் படிப்பு, அடகு வைத்த நகை என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் நம்பியிருந்தது அந்தப் பணத்தைத்தான். பொம்மனஹள்ளி ஆலைகளிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் வெளியே வந்து ஓசூர் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரிய சங்கம் எதுவும் அழைக்கவில்லை. மேடை இல்லை, மைக் இல்லை. மணிக்கணக்கில் எதுவும் நகரவில்லை. மறுநாள் போராட்டம் பீன்யா, ஹெப்பகோடி என்று பரவியது. பஸ்கள் எரிந்தன, போலீஸ் தடியடி நடத்தியது. அன்று மாலையே டெல்லி விதியை வாபஸ் வாங்கியது.

கோட்டையில் கொடுத்த மனுக்கள் சாதிக்காததைச் சாலை சாதித்தது. கார்மென்ட்ஸ் பெண்கள் தினமும் பயந்து பயந்து கடக்கிற அதே சாலை.

அதன் பிறகு சாலை இரண்டாம் முறை தோண்டப்பட்டது. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள் கொண்ட மெட்ரோ மஞ்சள் தடம். தகரத் தடுப்புகள் வந்தன, போகவில்லை. ரயில் பெட்டி செய்யும் சீன நிறுவனத்துக்கு இந்தியாவில் தொழிற்சாலை அமைப்பதில் எழுந்த சிக்கலால் பெட்டிகள் வருவது தாமதமாகியது. முதல் ரயில் சென்னைத் துறைமுகம் வழியாக வந்து சேர்ந்தது 2024 பிப்ரவரியில். தண்டவாளம் காத்திருக்க, தூசியை ஊர் தின்றது. கடைக்கு முன் தடுப்பு நின்றால் வண்டியை நிறுத்த இடமில்லை; வண்டி நிற்காத இடத்தில் வாடிக்கையாளர் நிற்பதில்லை. வாடகை மட்டும் மாதாமாதம் நின்றுகொண்டிருக்கும். நிலம் எடுக்கப்படும்போது நிலத்தின் விலை உரிமையாளருக்குப் போகிறது. பதினைந்து வருடம் ஒரே இடத்தில் கடை நடத்தி வாடகைதாரர் சேர்த்த வாடிக்கைக்கு விலை போடும் அட்டவணை எந்த அரசிடமும் இல்லை. தள்ளுவண்டிக்காரர் நிலை அதைவிட மோசம். கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் சொல்கிறது. அதைத் தள்ளுவண்டிக்காரருக்குப் படித்துக் காட்ட யாரும் வருவதில்லை.

2025 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் மோடி மஞ்சள் தடத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று. ரயில்கள் வரவர இடைவெளி குறைந்தது. பொம்மனஹள்ளிக்கென்று ஒரு நிலையம் கிடைத்திருக்கிறது. சில்க் போர்டு நெரிசலில் சிக்காமல் நகரத்துக்குள் போய்விடலாம். மேம்பாலம் தராத ஒன்று இது. குறை சொல்ல முடியாது. ஆனால் யாருக்கு? 2025 பிப்ரவரி உயர்வில் மெட்ரோ கட்டணம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 90 என்றாகியது. மறுபக்கம், 2023 ஜூனில் தொடங்கிய 'சக்தி' திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்களில் கட்டணமே இல்லை. தையல்காரப் பெண் எதில் ஏறுவார் என்று கேட்க வேண்டியதில்லை. பஸ் ஓடுவது கீழ்ச்சாலையில். (தர்மபுரியிலிருந்து வந்து, ஆதார் முகவரியை இன்னும் மாற்றாத பெண்ணுக்கு இலவசப் பயணமும் கிடையாது.)

எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் கோணப்பன அக்ரஹார நிலையத்துக்கு இன்ஃபோசிஸ் அறக்கட்டளை நிதி கொடுத்தது. நிலையத்தின் பெயரில் அதன் பெயரும் இருக்கிறது. பொம்மனஹள்ளிக்கு அப்படி ஒரு புரவலர் இல்லை.

நல்ல தெரு அமைக்க இந்த நகரத்துக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ரெசிடென்சி ரோடு, விட்டல் மல்லையா ரோடு முதலிய இடங்களில் 'டெண்டர்ஷ்யூர்' திட்டம் அகலமான நடைபாதை போட்டது; மின்கம்பி, குடிநீர், சாக்கடைக் குழாய்களுக்குத் தரைக்கு அடியில் தனித்தனி இடம் ஒதுக்கியது. மறுபடி தோண்டத் தேவையில்லை என்பதுதான் அதன் சூட்சுமம். சர்ச் ஸ்ட்ரீட் 2018இல் கல் பாவிப் புதிதாயிற்று. சென்னையில் தி.நகர் பாண்டி பஜார் 2019 நவம்பரில் நடப்பவர்களுக்கான தெருவானது. மூன்றும் கடை வீதிகள், அல்லது பணக்கார வட்டாரங்கள். ஆலைத் தொழிலாளர் நடக்கும் தெருவுக்கு அந்த வரைபடம் வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு விடை காலண்டரில் இருக்கிறது. பொம்மனஹள்ளிக்கு ஒரு காலத்தில் சொந்த நகரசபை இருந்தது. மேம்பாலத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தபோதே, 2007 ஜனவரியில், அது பெருநகர மாநகராட்சியில் கரைந்தது. மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்த 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் தேர்தலே நடக்கவில்லை. ரயில் ஓடத் தொடங்கி ஒரு மாதத்துக்குள், 2025 செப்டம்பரில், மாநகராட்சியே கலைக்கப்பட்டுப் பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. நெடுஞ்சாலை டெல்லியின் ஆணையத்தினுடையது; ரயில் மெட்ரோ கழகத்தினுடையது; குடிநீர் ஒரு வாரியம், மின்சாரம் ஒரு கம்பெனி. நடைபாதைக்கும் சாலை கடக்கும் வழிக்கும் மனு கொடுக்க வேண்டிய கவுன்சிலர் நாற்காலி, இரண்டாம் முறை ஊர் தோண்டப்பட்ட காலத்தில் பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

மாலை ஐந்தரை. ஆலைகளின் வாசல் திறக்கிறது. தூணோரம் கொத்தமல்லிக் கட்டும் தக்காளியும் குவித்து வைத்திருப்பவர்களைச் சுற்றிப் பெண்கள் குனிகிறார்கள். பேரம் முடிகிறது, பை கனக்கிறது. தலைக்கு மேலே ரயில் ஒன்று பொம்மசந்திரா நோக்கிப் போகிறது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் சில்க் போர்டு பக்கமிருந்து வரும் வண்டிகளின் மேல். காவலர் இன்னும் கை காட்டவில்லை.