ஒளிநிற மதிப்புகளும் அளவுகோல் தெளிவும்

யூனிட்டி விளையாட்டுப் பொறியில் விளக்கொளியின் நிறம் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று கூறுகளின் எண்களால் குறிக்கப்பெறுகின்றது. 'கலர்' வகையில் இவ்வெண்கள் 0 முதல் 1 வரையும், 'கலர்32' வகையில் 0 முதல் 255 வரையும் அமையும். அகல்விளக்கின் பொன்னொளிக்கென 255, 180, 100 என்பவற்றை முன்னதில் அப்படியே இட்டால் காட்சி வெண்மையில் மூழ்கிவிடும். அவற்றை 255-ஆல் வகுத்தால் 1, 0.71, 0.39 கிடைக்கும். ஆயின், சி ஷார்ப் மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் நீங்கி, 1, 0, 0 எனச் செவ்வொளியே எஞ்சும். தசம எண்களாக்கி வகுத்தல் வேண்டும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாமையால், மாணவர் தவற்றைத் தம் நிறத்தேர்விலேயே தேடி உழல்வர். எனவே, தமிழில் எழுதப்பெறும் கணினிப் பாடநூல்கள் நிற எண்ணைத் தரும் இடந்தோறும் அதன் அளவுகோலையும் உடன் குறித்தல் இன்றியமையாததாகும்.