எடை குறைய வேண்டுமா... இடுப்பு குறைய வேண்டுமா?

‘டாக்டர், நான் எத்தனை கிலோ குறையணும்?’

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே கேட்கிற கேள்வி இது. முன்பெல்லாம் நானும் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லிவிடுவேன். இப்போது சொல்வதில்லை. காரணம் தெரிய வேண்டுமானால் நீங்கள் என்னோடு தோணிரேவு வரை வரவேண்டும்.

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டிப் போனால் பழவேற்காடு ஏரி. அதன் கரையிலுள்ள மீனவக் கிராமங்களில் ஒன்றுதான் தோணிரேவு. ஆண்கள் ஏரியில் இறாலும் நண்டும் மடவையும் பிடிக்கிறார்கள். பெண்களில் சிலர் மீன் கூடை சுமக்கிறார்கள்; சிலர் வீட்டிலேயே உட்கார்ந்து பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு மருத்துவ முகாம். அண்ணியும் நாத்தனாருமாக இரண்டு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. அண்ணி ஓலை முடைகிறவர்; சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நாத்தனார் தலையில் கூடையோடு தெருத் தெருவாய் நடந்து மீன் விற்கிறவர். உயரம் பார்த்தேன்: இருவரும் 152 சென்டிமீட்டர். எடை பார்த்தேன்: இருவரும் 58 கிலோ!

அட்டவணைப்படி இருவருக்குமே எடை கூடுதல்தான். ‘ரெண்டு பேருமே ஆறு ஏழு கிலோ குறைக்கணும்மா’ என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். கூட்டம் அப்படி. ஆனாலும் அது சாக்குதான்.

ஆறு மாதம் கழித்து மறுபடி போனேன். அண்ணி 52 கிலோ! சொன்னதைச் செய்துவிட்டாரே என்று மகிழ்ந்துபோய் நிமிர்ந்து பார்த்தால், கன்னம் ஒட்டி, கை குச்சியாகி நிற்கிறார். வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது.

‘ராவுல சோத்தை வுட்டுட்டேன் ஐயா. மீனையும் வுட்டுட்டேன், கொழுப்பு ஏறிடும்னு சொன்னாங்க. கஞ்சிதான். கீழ உக்காந்தா எழுந்திருக்க முடியல. போன மாசம் ஒரு நாள் விடிகாலையில உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, அடுப்பாண்ட வுழுந்துட்டேன்.’

இரவுச் சாப்பாட்டை நிறுத்தியவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தவில்லை. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து விழுந்திருக்கிறார். அடுப்பில் நெருப்பு இல்லாதது அவருடைய நல்ல காலம். என்னுடைய நல்ல காலமும்கூட.

நாத்தனாரோ ஒரு கிராம் குறையவில்லை. ‘சுமக்குறவளுக்குத் துன்னாம முடியுமா?’ என்று சிரித்தார். அவருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. என் பேச்சைக் கேட்காததுதான் அவருக்கு நல்லதாய்ப் போயிற்று!

அன்றுதான் முதல் முகாமிலேயே எடுத்திருக்க வேண்டிய டேப்பை எடுத்தேன். நாத்தனாரின் இடுப்புச் சுற்றளவு 77 சென்டிமீட்டர். ஆறு கிலோ இளைத்த பிறகும் அண்ணிக்கு 89!

தராசுக்குத் தெரியாதது

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தபோது முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்தது ஏழு உடற்கட்டுகளை. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். ஊன் வேறு, கொழுப்பு வேறு என்று நம் முன்னோர் தனித்தனியாகவே எண்ணி வைத்திருக்கிறார்கள். தராசு ஏழையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுகிறது. அந்த எண்ணை நம்பி நான் அண்ணியின் ஊனைக் கரைத்துவிட்டேன்.

உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற பி.எம்.ஐ. கணக்கும் அப்படித்தான். 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சுவையான சேதி வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவரும் தங்கள் உடம்பையே சோதித்து, புகைப்படத்தோடு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2 சதவிகிதம்! பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் நாட்டு உடம்பு வாகு பெரும்பாலும் இதுதான்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் இந்தியப் பெரியவர்களில் பி.எம்.ஐ. கணக்குப்படி பருமனானவர்கள் 28.6 சதவிகிதம், வயிறு பருத்தவர்கள் 39.5 சதவிகிதம். ‘எனக்கு எடை சரியாத்தான் இருக்கு’ என்று நிம்மதியாக இருப்பவர்களில் எத்தனையோ பேருக்குத் தொப்பை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

தசை என்றால் பயில்வான்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நாம் சாப்பிடுகிற சோற்றின் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய களஞ்சியம் தசைதான். அது சுருங்கினால் சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றும். பட்டினி கிடந்து எடை குறைக்கும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை. குறைகிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு தசையாகவும் போகும். சத்தும் உழைப்பும் இல்லாவிட்டால் இன்னும் அதிகமாகவே போகும். 2025-ல் நம் நாட்டுச் சந்தைக்கு வந்த எடைக் குறைப்பு வார ஊசிகளுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு.

எங்கள் துறையின் பெயரைச் சொல்லி விற்கிற ‘பத்து நாளில் பத்து கிலோ’ பொடிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சக வைத்தியர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. நிலாவாரை கலந்த பொடியைத் தின்றால் வயிறு போகும், நீர் வற்றும், தராசு முள் இறங்கும். கொழுப்பு இருந்த இடத்தில் இருக்கும். தசையை வளர்க்கிற லேகியம் என்று எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

நீங்கள் எந்தப் பக்கம்?

தையல் டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில் அளந்து பாருங்கள். (வயிற்றை எக்கி ஏமாற்றினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.) நம்மவர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அடுத்து கெண்டைக்காலின் பருத்த இடம். ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33-க்குக் குறைந்தால் தசை தேய்ந்திருக்கக்கூடும் என்று ஆசிய மருத்துவ நிபுணர் குழு 2019-ல் வரையறுத்தது. கடைசியாக, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கால்களில் பலம் போதவில்லை. தள்ளாட்டம் உள்ளவர்கள் பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

எடையும் மிக அதிகம், இடுப்பும் அதிகம், மாடி ஏறினால் முழங்கால் வலி, மூச்சிரைப்பு என்றால் கட்டாயம் எடையைக் குறைக்க வேண்டியதுதான். நிதானமாக, மாதம் ஒன்றிரண்டு கிலோ. இருக்கிற எடையில் ஐந்து முதல் பத்து சதவிகிதம் குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நன்றாக இறங்கும். ஆனால் எடை ஏறக்குறைய சரியாக இருந்து, இடுப்பு மட்டும் பெருத்து, காலும் கையும் மெலிந்திருக்கிறதா? கிலோவை மறந்துவிடுங்கள். இடுப்பு குறைய வேண்டும், பலம் கூட வேண்டும். எடை நின்ற இடத்திலேயே நின்றாலும் கவலையில்லை. இடுப்பும் அளவோடு, காலும் உறுதி என்றால் (நம் நாத்தனாரைப் போல) உங்களை விட்டுவிடச் சொல்லி வீட்டாரிடம் கூறுங்கள்.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். அண்ணி எந்தக் கட்சி? கையில் இளைத்தவர், வயிற்றில் கொழுத்தவர்!

அவருக்குச் சொன்னது இதுதான். நிறுத்திய மீனை மறுபடி சாப்பிடுங்கள், பொரிக்காமல் குழம்பாக. நம் தேவை உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு, அவருக்கு நாளுக்குச் சுமார் நாற்பத்து மூன்று கிராம் வரும். நூறு கிராம் மீனில் சுமார் இருபது கிராம் இருக்கிறது, ஒரு முட்டையில் ஆறு. சைவர்களுக்குப் பருப்பும் கொள்ளும் சுண்டலும் தயிரும். தட்டில் சோற்றைக் கால்பாகம் குறைத்து அந்த இடத்தில் கீரையும் பருப்பும் வையுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. மாத்திரை கொடுத்த டாக்டரிடம் போய், விழுந்த கதையைச் சொல்லி அளவைச் சரிபார்க்கவும் சொன்னேன்.

ஒரு மணி நேரம் ஓலை முடைந்தால் எழுந்து, நாற்காலியில் பத்து தடவை உட்கார்ந்து எழ வேண்டும். சுவரில் கை ஊன்றிப் பத்து தடவை உடம்பைத் தள்ள வேண்டும். முதலில் அரைக்குடம் தண்ணீர், பழகப் பழக முழுக்குடம் தூக்க வேண்டும். மாலையில் நடை. நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பளு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனையும்கூட. ‘தினமும் என் கூடையைத் தூக்கச் சொல்லுங்க, அதுவே போதும்’ என்றார் நாத்தனார். கேலியாகச் சொன்னாலும் வைத்தியம் சரிதான்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அண்ணி தரையில் உட்கார்ந்து முடைந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை ஊன்றாமல் எழுந்து நின்றார். எடை 54. இடுப்பு 84.

‘ரெண்டு கிலோ ஏறிடுச்சே ஐயா, கோச்சுக்குவீங்களோன்னு பயந்தேன்’ என்றார்.

‘இன்னும் நாலு சென்டிமீட்டர் பாக்கிம்மா’ என்று டேப்பை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.