ஒரே பெயர், ஒரே இரத்தமா?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் தீவுகளிலும் மக்டொனால்டு என்னும் குடும்பப் பெயர் கொண்ட உழவர்கள் ஏராளம். இவர்கள் அனைவரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்களா? 'பெயர் ஒன்றாயிருக்கிறதே, ஐயமென்ன?' என்று தோன்றும். ஆனால் பெயர் ஒரு தடயமே தவிர, சான்று ஆகாது. ஏன் என்று பார்ப்போம்.

பெயர் வந்த வழிகள்

கேலிக் மொழியில் 'மக்' என்றால் மகன். டொனால்டின் மகன் மக்டொனால்டு. தொடக்கத்தில் இத்தகைய பெயர் தலைமுறைதோறும் மாறிற்று; பின்னரே நிலைத்தது. குலத் தலைவனின் நிலத்தை உழுத குடியானவர்களும் அவனது பாதுகாப்பை நாடி, அவன் பெயரையே சூட்டிக்கொண்டனர். ஆகவே பெயர் ஒன்று, இரத்தம் வேறு. தொழிலாலும் பெயர் வந்தது. ஸ்மித் என்றால் கொல்லன். ஊருக்கு ஊர் கொல்லர் உண்டு. அவர்களெல்லாம் உறவினர் ஆவார்களா?

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1759-இல் ஏர்ஷயரில் பிறந்த உழவர் மகன். வடகிழக்கிலுள்ள கின்கார்டின்ஷயரிலிருந்து வந்த அவர் தந்தையின் குடும்பப் பெயர் பர்னெஸ். 1786-இல் ராபர்ட்டும் தம்பி கில்பர்ட்டும் அதைப் 'பர்ன்ஸ்' என்று எழுதத் தொடங்கினர். ஸ்காட்லாந்தில் 'பர்ன்' என்றால் சிற்றோடை. ஓடைக்கரையில் வாழ்ந்ததால் அப்பெயர் பெற்ற குடும்பங்களும் உண்டு. கவிஞருக்கும் அவர்களுக்கும் எழுத்து மட்டுமே ஒன்று!

ஏடுகள் சொல்வது

அப்படியானால் உண்மையான உறவை அறிவது எப்படி? முதல் துணை, திருச்சபைப் பதிவேடுகள். 1553-இல் தொடங்கி 1854 வரை ஞானஸ்நானம், திருமணம் முதலியன இவற்றில் எழுதப்பட்டன. ஆயினும் இடையிடையே ஓட்டைகள் உண்டு. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி விதிக்கப்பட்டது. வறியவர் பலர் பதியாமலே விட்டனர். மேலும் குத்தகை முடிந்ததும் உழவர்கள் வேறு பண்ணைக்குப் பெயர்ந்தனர். பர்ன்ஸின் தந்தையும் 1766-இல் மவுண்ட் ஆலிஃபண்ட், 1777-இல் லாக்லீ என்று பண்ணை மாறியவரே. ஊர் மாறினால் தேட வேண்டிய ஏடும் மாறும்.

1855 சனவரி முதல் நாள் அரசுப் பதிவு கட்டாயமாயிற்று. இறந்தவரின் தாய், தந்தை பெயர்களையும் இறப்புப் பதிவில் கேட்டு எழுதினர். 1855-இல் 80 வயதில் ஒருவர் இறந்தார் என்று கொள்வோம். அந்த ஒரே ஏட்டிலிருந்து 1750-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த அவருடைய பெற்றோரின் பெயர்கள் கிடைக்கின்றன!

பெயர் சூட்டும் மரபு

மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர். இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயர். மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயர். இரண்டாம் மகளுக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயர். இது அங்கு பரவலாக இருந்த வழக்கம். பர்ன்ஸ் குடும்பத்தில் இதைக் காணலாம். ராபர்ட்டின் தந்தைவழித் தாத்தா ராபர்ட். தாய்வழித் தாத்தா கில்பர்ட். மூத்த சகோதரியும் தாய்வழிப் பாட்டியும் ஆக்னஸ். ஆனால் தந்தைவழிப் பாட்டியான இசபெல்லாவின் பெயர் இரண்டாம் மகளுக்கு வரவில்லை. மூன்றாம் மகளுக்கே வந்தது. மரபு வழிகாட்டும்; தீர்ப்புச் சொல்லாது.

உடலுக்குள் ஓர் ஏடு

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்கிறது. குடும்பப் பெயரும் அதே வழியில்தான் செல்கிறது. தலைமுறைகள் கடக்கும்போது இந்தக் குரோமோசோமில் எப்போதாவது சிறு மாறுதல் நிகழும். இருவரிடையே வேறுபாடுகள் குறைவாயின், அவர்களின் பொது மூதாதை அண்மைக் காலத்தவர். மிகுதியாயின், மிகத் தொலைவானவர்.

ஆக்ஸ்போர்டு அறிஞர் பிரையன் சைக்ஸ் இம்முறையில் மக்டொனால்டு, மக்டூகல், மக்காலிஸ்டர் குலத்தாரை ஆராய்ந்தார். இம்மூன்று குலங்களும் 1164-இல் மாண்ட சோமர்லெட் என்னும் தலைவனின் வழிவந்தவை என்பது மரபுச் செய்தி. குலத் தலைவர்களிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் காணப்பட்டது. அதே பெயருடைய வேறு பலரிடம் அது இல்லை. நிலத்தோடு பெயரையும் பெற்ற குடியானவர்களின் கதை இங்கே வெளிப்படுகிறது.

மறைந்துபோகும் தாய்மார்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெற்றோர் 2, தாத்தா பாட்டியர் 4, அதற்கு மேல் 8. பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள்! குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் அவற்றுள் ஒரே ஒருவரைத்தான் காட்டும். மற்ற 1,023 இடங்களுக்கு உரியவர்களை, தாய்மார் உட்பட, ஏடுகளில்தான் தேட வேண்டும். நல்வாய்ப்பாக, ஸ்காட்லாந்துப் பதிவுகளிலும் கல்லறைக் கற்களிலும் மணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரையும் குறிக்கும் வழக்கம் இருந்தது. அதனால்தான் பர்ன்ஸின் தாய் ஆக்னஸ் பிரவுன் என்பவர், கில்பர்ட் பிரவுன் என்ற உழவரின் மகள் என்று இன்றும் நம்மால் சொல்ல முடிகிறது.