உங்களுக்குத் தெரியுமா? கவசம் பூணும் குட்டி டாங்கிகள்

ஹைதராபாத்தின் காஞ்சன்பாக்கில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடம் உருக்குத் தகடுகளின் நடுவே பீங்கான் ஓடுகளை வைத்து உருவாக்கியதும், நம் ஆவடியில் வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கி தரித்திருப்பதுமான கவசத்திற்கு காஞ்சன்பாக்கின் பெயராலேயே ‘காஞ்சன்’ என்று நாமகரணம் செய்யப்பட்டது. கவசம் பூட்டும் இவ்வித்தையை, 1987-இல் இங்கிலாந்தில் வெளியான ‘வார்ஹாமர் 40,000’ என்னும் விஞ்ஞானக் கற்பனைப் போர் விளையாட்டின் ரசிகர்கள் உள்ளங்கையளவு வாகனங்களிலே செய்து மகிழ்கிறார்கள். ஆரம்ப நாட்களில், காலியான டியோடரண்ட் குப்பியைக் கொண்டே மிதக்கும் டாங்கி ஒன்றைச் சமைக்கும் முறையை வெளியீட்டாளர்களே போதித்தார்கள் என்பது எனக்குப் பேரானந்தம் தரும் செய்தி. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நறுக்கி முகப்பில் ஒட்டி, அடிப்பூச்சும் மேல்வர்ணமும் காய்ந்தபின் நீர்த்த கறுப்புச் சாயத்தை இடுக்குகளில் ஓடவிட்டு, பின்னர் வெளிறிய வர்ணத்தில் தோய்த்த தூரிகையைத் துணியில் ஏறக்குறைய உலரும்வரை துடைத்துவிட்டு விளிம்புகளின்மேல் இலேசாக வருடினால், வர்ணம் மேடுகளில் மாத்திரம் பற்றிக்கொள்ள, அற்பமான அத்தகடு பல யுத்தங்கள் கண்ட இரும்பின் கம்பீரத்தைப் பெற்றுவிடுகிறது. காஞ்சனின் பீங்கானோ வெளியே தெரியாதது. ஆகையால் காஞ்சன் கவசத்தைச் சிற்றுருவில் காட்ட விழைவோர், அர்ஜுன் கோபுரத்தின் தட்டையான முகப்பையும் கூரிய விளிம்புகளையுமே சிரத்தையோடு செதுக்க வேண்டும்.