நிற்கும் காரில் ஓடும் எஞ்சின்

சிவப்பு விளக்கைக் கண்டு கார் நிற்கிறது. சக்கரங்கள் அசையவில்லை. ஓட்டுநரின் கால் ஆக்சிலேட்டர் மிதியின்மேல் இல்லை. ஆனாலும் எஞ்சின் மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருக்கிறது. இதைத்தான் பட்டறைகளில் ‘ஐட்லிங்’ என்கிறார்கள். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் காரில் அப்போது எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 முதல் 900 முறை சுற்றும். இது மிகவும் குறைந்தால் எஞ்சின் குலுங்கி அணைந்துவிடும். கூடினால் பெட்ரோல் வீண். சில வண்டிகளிலோ வேகம் ஏறும், இறங்கும், மறுபடியும் ஏறும்.

நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் குறையேதுமின்றி ஓடிவந்த வண்டி, சந்திப்பில் வந்து நின்றதும் ஏன் தடுமாற வேண்டும்? சும்மா நிற்பது எளிய வேலைதானே என்று நீங்கள் கேட்கலாம். எஞ்சினைப் பொறுத்தவரை அப்படியல்ல. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து 1.2 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை உறிஞ்சும். நிமிடத்திற்கு 800 சுற்று என்றால் 480 லிட்டர். ஆனால் ஐட்லிங்கில் காற்று வரும் வழியிலுள்ள திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. அதனால் தகட்டுக்கு அப்பாலுள்ள மேனிஃபோல்டு குழாயில் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே வெளியிலிருந்து உண்மையில் உள்ளே போவது சுமார் 160 லிட்டர் காற்றே. இதே எஞ்சின், திராட்டில் முழுதும் திறந்து 5,000 சுற்றில் ஓடும்போது ஏறத்தாழ 3,000 லிட்டர் காற்றை விழுங்கும்!

இப்போது மேனிஃபோல்டில் செருகியுள்ள ரப்பர் குழாய் ஒன்றில் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை விழுந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் இவ்வளவு குறைவாக இருப்பதால் வெளிக்காற்று அந்தத் துளை வழியே ஒலியின் வேகத்தில் பாயும். நிமிடத்திற்குச் சுமார் 25 லிட்டர் புகுந்துவிடும். ஐட்லிங்கில் எஞ்சினுக்கு வேண்டிய மொத்தக் காற்றில் இது ஆறில் ஒரு பங்கு. திராட்டில் முழுதும் திறந்திருக்கும்போதோ உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. துளையில் காற்றைத் தள்ள விசையே இல்லை. கசிவு இருந்தும் இல்லாதது போலத்தான். ஆகவே நின்றால் தகராறு, ஓடினால் சரி என்ற வண்டியில் தேர்ந்த மெக்கானிக் முதலில் சந்தேகிப்பது காற்றுக் கசிவையே. ஓடும்போதும் இடறினால் அவர் பார்வை ஸ்பார்க் பிளக், பெட்ரோல் பம்பு என்று வேறு பக்கம் திரும்பும்.

வேடிக்கை என்னவென்றால், ஒரே ஓட்டை இரண்டு வண்டிகளில் நேர்மாறான நோய்களை உண்டாக்கும். பெட்ரோல் முழுமையாக எரிய, 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். 1983 இல் வந்த மாருதி 800 போன்ற பழைய கார்களில் இதைக் கலந்து தந்தது கார்புரேட்டர். ஐட்லிங்குக்கான பெட்ரோல் அதில் ஒரு நுண்துளை வழியே வருகிறது. கசிவால் காற்று கூடினாலும் அதற்கு ஈடாகப் பெட்ரோல் கூடுவதில்லை. கலவை மெலிகிறது, எஞ்சின் திணறி நிற்கிறது. பெட்ரோலைப் பீய்ச்சியடிக்கும் இக்காலக் கார்கள் பலவற்றில் மேனிஃபோல்டின் அழுத்தத்தை ஓர் உணரி அளக்கிறது. கசிவால் அழுத்தம் உயர்ந்தால், ‘காற்று நிறைய வருகிறது’ என்று கணிப்பொறி பெட்ரோலையும் கூட்டுகிறது. எஞ்சின் துள்ளி ஓடுகிறது!

வேகத்தைக் குறைக்கக் கணிப்பொறி ஐட்லிங் காற்று வழியை மூடிப் பார்க்கும். முழுதும் மூடியும் வேகம் அடங்காவிட்டால் ஒரு நாடகம் நடக்கும். மிதியில் கால் இல்லை, வேகமோ அதிகம். எனவே வண்டி சரிவில் இறங்குகிறது என்று எண்ணிக் கணிப்பொறி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். வேகம் சரியும். அணைந்துவிடுமோ என்று மீண்டும் பெட்ரோல் வரும். வேகம் ஏறும். இப்படியே ஊஞ்சலாட்டம்தான். இந்த ஏற்ற இறக்கம் கார்களுக்கு முற்பட்டது. 1788 இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்குச் சுழலும் குண்டுகள் கொண்ட வேகக் கட்டுப்படுத்தியைப் பொருத்தினார். அத்தகைய கருவிகள் சில வேளைகளில் வேகத்தைச் சீராக்காமல் ஆட்டம் காட்டின. அந்த ஆட்டம் எப்போது தானே அடங்கும், எப்போது வளரும் என்பதைக் கணித வழியில் ஆராய்ந்து 1868 இல் கட்டுரை எழுதியவர் மின்காந்தக் கொள்கை தந்த அதே மாக்ஸ்வெல்!

சரி, கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி? ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் அருகே கொண்டுபோனால், ஓட்டையுள்ள இடத்தில் ‘உஸ்’ஸென்று கேட்கும். இணைப்புகளின்மேல் சோப்பு நீர் தடவுவதும் உண்டு. சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கும்போது குமிழி கிளம்புமே, அது போலக் குமிழியை எதிர்பார்க்காதீர்கள். இங்கே காற்று உள்நோக்கி அல்லவா போகிறது! நீர் துளையை ஒரு கணம் அடைத்ததும் எஞ்சினின் ஓசை மாறும். அதுவே சான்று.

கசிவு இல்லை, ஆனால் எஞ்சின் ஒரே தாளத்தில் குலுங்குகிறது என்றால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். பட்டறை மொழியில் ‘மிஸ்ஸிங்’. 800 சுற்றில் நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து 1,600 முறை எரியவேண்டும். ஒன்று படுத்துவிட்டால் 1,200. பழைய வண்டிகளில் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். கழற்றியதும் வேகம் குறைந்தால் அந்தச் சிலிண்டர் நல்லது. எந்த மாற்றமும் இல்லாவிட்டால் அதுவே குற்றவாளி! இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். அக்கம்பியில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டு. புதிய கார்களில் எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கியையும் கெடுத்துவிடும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதும் கூடவே கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

வேகம் குறைவாகவே நிற்கும் வண்டியில், திராட்டில் தகட்டின் ஓரத்தில் கரி படிந்து காற்று வழி சுருங்கியிருக்கலாம். துடைத்தாலே போதும். ஆனால் கார்புரேட்டர் காலத்தில் பலர் இதையெல்லாம் தேடவில்லை. திராட்டிலைத் தாங்கும் திருகை அரைச் சுற்று முடுக்கி வேகத்தைக் கூட்டி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சின்னத் திருகுதான் எத்தனை நோய்களை மறைத்திருக்கிறது! கசிவும் கரியும் அப்படியே இருக்க, வண்டிக்காரர் கூடுதல் பெட்ரோலுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பார். இன்று கணிப்பொறியில் கருவியைச் செருகினால் ‘பி 0506’ என்றால் வேகம் குறைவு, ‘பி 0507’ என்றால் வேகம் அதிகம் என்று குறியீடு வரும். அதுவும் நோயின் அடையாளமே தவிர காரணம் அன்று. குறியீட்டைப் பார்த்தவுடன் உதிரி பாகத்தை மாற்றுவது, திருகை முடுக்கிய பழைய வழக்கத்தின் புது வடிவம்தான்.

அடுத்த முறை நின்றிருக்கும் காரில் உட்கார்ந்திருக்கும்போது, சுற்று வேகம் காட்டும் முள்ளைக் கவனியுங்கள். குளிர்ந்த எஞ்சினில் அது முதலில் 1,000க்கு மேல் நின்று, சூடேற ஏற இறங்கும், இது குறையன்று. பிறகு ஏ.சி.யைப் போடச் சொல்லுங்கள். முள் ஒரு கணம் தாழ்ந்து மீளும். சில கார்களில் சற்று உயரவும் செய்யும். தாழ்ந்தபடியே நின்று வண்டி அதிர்ந்தால், எஞ்சின் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, ஏ.சி. ஓடியதா இல்லையா என்பதைக் குறித்து வைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அவருடைய தேடலில் பாதி குறைந்துவிடும்.